பேட்டை, மூன்றாம் குவியல்

முப்பத்தோரு வருசம்
இங்கேதான் ஊற்றினேன்.
கழிவு ஆயிலை வேறு எங்கே கொண்டுபோய் ஊற்ற?
கேட்க ஆள் இல்லை. குடிக்க மண் இருந்தது.
லாரி வரும், அடியில் போய்ப் படுப்பேன், நட்டைத் திருகுவேன்,
கறுப்பாய் இறங்கும்.
வாய்க்காலில் கால் கழுவுவதுபோல
அத்தனை சாதாரணம்.

பிறகு ஒரு பங்குனியில்
பக்கத்து வீட்டு போரில் இறைத்த தண்ணீர்மேல்
மயில்கழுத்து நிறம் மிதந்தது.
சங்கரவடிவு அக்கா சண்டைக்கு வரவில்லை.
வாளியைத் தூக்கிவந்து
என் டூல்ஸ் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள்.
சண்டை போட்டிருக்கலாம்.

கல்லூரியிலிருந்து சுகிர்தா வந்தாள்,
காலில் ரப்பர் பூட்ஸ், பையில் நாலு ஜாடி.
மண்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டாள்.
நனையவில்லை.
சேம்பிலையில் உருளுவதுபோல்
முத்து முத்தாய் உருண்டு ஓடியது.
“உங்க மண்ணுக்குத் தாகமே மறந்துபோச்சு அண்ணாச்சி.”

முதல் குவியலுக்கு வைக்கோலும்
புட்டியில் வந்த சிப்பிக்காளான் வித்தும்.
பதினோரு நாள் வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடியது.
முளைத்தால் குழம்பு வைக்கலாமா என்று
டீக்கடை ஐசக் மூன்று தடவை கேட்டுவிட்டான்.
கத்திரி வெயில் பதில் சொன்னது:
சுருண்டு செத்தது எல்லாம்.
இரண்டாவதற்கு
பூனாவிலிருந்து பாக்கெட்டில் பாக்டீரியா.
நம்ம ஊர் அதற்குப் பிடிக்கவில்லை.
கூரியர் காசும் போச்சு.

அப்புறம் ஒருநாள் ஜாடியும் கையுமாய் ஓடி வந்தாள்.
நான் ஊற்றின வாயிலேயே,
மண் ஆகக் கறுத்த இடத்திலேயே,
எண்ணெயைத் தின்கிற ஒன்று
முன்னமே குடியிருக்கிறதாம்.
யாரும் வாங்கிவந்து விட்டதில்லை.
நான் ஊற்ற ஊற்ற
அதைத் தின்னப் பழகினது மட்டும் மிஞ்சிப் பெருகி,
பிறகு காற்றும் ஈரமும் எட்டாமல்
வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.
“அப்போ நான் வளத்ததா?” என்றேன்.
“ரொம்பப் பெருமைப்பட்டுக்கிடாதீங்க” என்றாள்.

மூன்றாம் குவியல்.
சேரன்மகாதேவி மில் உமி, சாணம், கைப்பிடி யூரியா,
நாள் தவறாமல் தண்ணீர்.
வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து
மூக்காண்டியும் நானும் புரட்டிப் போடுவோம்.
கியர்பாக்ஸ் இறக்குவது இதைவிட லேசு.
நடுவில் ஒரு கம்பி செருகியிருக்கிறது.
விடியலில் உருவித் தொட்டுப் பார்ப்பேன்,
டிப்ஸ்டிக்கைத் துடைக்கிற அதே விரலால்.
செங்கோட்டையிலிருந்து லோடு ஏற்றி வந்து
இப்போதுதான் நிறுத்தின எஞ்சினின் சூடு.
உள்ளே என்னமோ ஓடிக்கொண்டிருக்கிறது.
சத்தம் மட்டும் இல்லை.

வாசம்தான் எனக்குப் பிடிபடவில்லை.
டீசலிலேயே ஊறின மூக்கு,
அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.
மூக்காண்டியைத்தான் கேட்பேன்.
ஒரு பிடி அள்ளி மோந்து
“இன்னும் லாரிதான் நிக்கி” என்றான் ஆவணியில்.
“லாரி கெளம்பிட்டு” என்றான் மாசியில்.
ஐப்பசி மழை பிடித்த அன்று
மோந்தவன் பேசவில்லை.
திரும்ப மோந்தான்.
“மண்ணு” என்றான்.

சுகிர்தாவின் தாளில் முப்பத்தெட்டாயிரம்
நாலாயிரத்து நூறாய் இறங்கியிருக்கிறது.
பேட்டரி உடைத்த வடக்கு மூலையை மட்டும்
பென்சிலால் வட்டமிட்டிருந்தாள்.
ஈயத்தைத் தின்று தீர்க்கிற வாய்
எதற்கும் இல்லையாம்.
எனக்குப் பிறகும் அது இருக்கும்,
இந்த ஷெட் தகரம் துருவேறிப் போன பிறகும்.
அந்த மூலையில் நாலு கல் நட்டு
சிவப்புப் பெயிண்ட் அடித்தேன்,
பம்பருக்கு வாங்கினதில் மிச்சம்.

அக்காவின் வாளி இன்னும் என்னிடம்தான்.
சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன்.
நாலு எட்டு வைத்தால் அவள் வாசல்,
கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை.
போர்த் தண்ணீரைத் தையில் பார்க்கலாம் என்கிறாள் சுகிர்தா.
அதுவரை
டூல்ஸ் பெட்டிமேலேயே இருக்கட்டும்.